குற்றம் சாட்டினால் போதுமா? விளக்கம் கேட்க வேண்டாமா?



சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் அறிவீர்கள். வராதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வாய் மாறி இன்னொரு வாய்க்குப் போவதற்குள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும்.

இளைஞர் அணித் தோழர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆனந்த் பட்வர்தன் எடுத்த 'ராம் கே நாம்' என்னும் ஆவணப்படத்தை ஒரு ஞாயிறு மாலை நம் மன்றத்தில் திரையிட வேண்டும் என்பது தீர்மானம். நானும் வழிமொழிந்தேன். அப்போது கடைசி வரிசையிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். நாற்பத்தைந்து வருடமாகத் தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு, அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ராமர் படத்துக்கு விளக்கேற்றுகிறவர். சங்கத்துக்கு ஒரு மாதச் சந்தாகூடப் பாக்கி வைத்தது கிடையாது. அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி, எங்க சாமிய மட்டுந்தான் படம் எடுப்பானுவளா?"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் சந்தா வாங்கப் போன தோழரிடம், "எம் பேர அடிச்சிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரைப் பார்த்து அதே சந்தில் இன்னும் நான்கு குடும்பங்கள் சந்தாவை நிறுத்தியிருக்கின்றன.

குற்றம் என்னுடையது. அவர் கேட்ட கேள்விக்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சிரித்த பிள்ளைகளைக் கண்டித்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. பகுத்தறிவு பேசுகிற நமக்கு, பக்திமானின் கேள்வி என்றாலே இளக்காரமாகப் போய்விடுகிறது. அது பகுத்தறிவா, வெறும் திமிரா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

மதத்தைக் கண்டித்து எடுக்கப்படும் படத்தில் நியாயம் எது, ஓரவஞ்சனை எது? அண்ணாச்சியின் கேள்விக்குள் இருக்கிற கேள்வி இதுதான். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். நான் மெட்ரிக் படித்த குமாஸ்தா. சினிமா விமர்சகன் அல்ல. ஆனால் விசாரணை என்றால் என்ன என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பெயர்ப் பட்டியல் தந்த பாடம்

முதலில் நம் சொந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1960-இல் பம்பாயில் 'மார்மிக்' என்ற மராத்தி வார இதழ் தொடங்கியது. பால் தாக்கரே நடத்திய பத்திரிகை. கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் பெரிய நாற்காலிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை அந்தப் பத்திரிகை பட்டியல் பட்டியலாகப் போட்டது. படித்துப் பாருங்கள், உங்கள் வேலையை யார் பிடுங்கினார்கள் என்று தெரியும் என்பது அதன் பொருள். 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 'மதராஸி' என்ற சொல் வசவாயிற்று. நம் தாத்தாக்களும் அப்பாக்களும் வேட்டி கட்டி வெளியே போக யோசித்த காலம் அது.

அந்தப் பட்டியலில் ஒரு பொய்ப் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. அத்தனையும் உண்மைப் பெயராகவே இருக்கலாம். ஆனால் தாராவியில் தோல் பதனிட்டவன் பெயர் அதில் இருந்ததா? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் பெயர்? சாக்கடை அள்ளியவன் பெயர்? தலையில் கூடை வைத்து இட்லி விற்ற தாயின் பெயர்? இவர்கள் யாருடைய நாற்காலியையும் பிடுங்கவில்லையே! அவர்களை விட்டுவிட்டு ஆபீசரை மட்டும் எழுதினால், எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தும் முழுப் பட்டியலும் பொய்யாகிவிடுகிறது.

காமிராவும் அப்படித்தான். அது பொய் சொல்லாது என்பார்கள். அது எங்கே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்வது மனிதன் அல்லவா? பத்து மணி நேரம் எடுத்ததில் ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரத்தை வெட்டிப் போடுவதும் மனிதன் அல்லவா? ஆகவே, "படத்தில் காட்டியது உண்மையா?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. "எதைக் காட்டாமல் விட்டான்?" என்றும் கேட்க வேண்டும். அண்ணாச்சி கேட்டது இந்தக் கேள்வியைத்தான். பட்டியலில் அடிபட்ட இனத்தில் பிறந்த நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ரயில்வே விதி சொல்வது என்ன?

ரயில்வேயில் ஒரு கலாசி மீது குற்றம் சாட்டினாலும், ஓர் அதிகாரி மீது குற்றம் சாட்டினாலும், 1968-ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை, மேல்முறையீட்டு விதிகளின்படிதான் விசாரிக்க வேண்டும். தொழிற்சங்க வேலையில் இருக்கிற எனக்கு, மாட்டிக்கொண்ட தொழிலாளிக்குத் துணையாக விசாரணையில் போய் உட்கார்ந்து பேசிய அனுபவம் உண்டு. அதில் நான் கற்றது மூன்று.

ஒன்று: குற்றச்சாட்டு குறிப்பாக இருக்க வேண்டும். "இவன் மோசமானவன்" என்று சார்ஜ் ஷீட் கொடுத்தால் அது செல்லாது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன செய்தான். சாட்சி யார், ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும்.

இரண்டு: குற்றம் சாட்டப்பட்டவனின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அவனுக்குப் பேசத் தெரியாவிட்டால், பேசத் தெரிந்த ஒரு துணைவரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. வாயில்லாப் பூச்சியை நடுவில் நிறுத்தி மிரட்டி, "பார், பதில் இல்லை" என்று எழுதுவது விசாரணை ஆகாது.

மூன்று: விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கேங்மேனுக்கு ஒரு புத்தகம், ஆபீசருக்கு ஒரு புத்தகம் என்று இருக்கக்கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குற்றம் சாட்டுகிறவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அவர் கோபத்தோடுதான் வருவார். ஒரு பக்கம் நின்றுதான் பேசுவார். நடுநிலை வேண்டியது விசாரணை அதிகாரிக்கு. படம் எடுப்பவர் குற்றம் சாட்டுகிறவர் என்றால், விசாரணை அதிகாரி யார்? படம் பார்க்கிற நீங்களும் நானும்தான். "அரை மணி எதிர்ப்பவனுக்கு, அரை மணி ஆதரிப்பவனுக்கு" என்று தராசில் நிறுத்துக் கொடுப்பதால் ஒரு படம் நியாயமாகிவிடாது. சார்ஜ் ஷீட் யோக்கியமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

அண்ணாச்சியோடு பார்த்தேன்

இந்த மூன்று விதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "படத்தை நீங்களே பாருங்கள், பார்த்த பிறகு திட்டுங்கள்" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு டி.வி.யில் யூடியூபைப் போடச் சொன்னார். இந்திப் படம், நாற்பத்தைந்து வருட பம்பாய் இந்தி அவருக்குப் போதும்.

படத்தின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 செப்டம்பர் 25-ஆம் நாள் எல்.கே. அத்வானியின் ரத யாத்திரை சோமநாதத்திலிருந்து புறப்பட்டது. டொயோட்டா வண்டியைத் தேர்போல் அலங்கரித்திருந்தார்கள். அக்டோபர் 23-இல் பீகாரில் சமஸ்திபூரில் அவர் கைதானார். அக்டோபர் 30-இல் கரசேவகர்கள் காவலை மீறி அயோத்திக்குள் புகுந்தார்கள். சிலர் பாபர் மசூதியின் குவிமாடத்தில் ஏறினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த நாட்களில் ஊர் ஊராகப் போய் எடுத்த படம் இது. 1992 டிசம்பர் 6-இல் மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே முடிந்துவிட்ட படம். சிறந்த புலனாய்வுப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது.

முதல் விதி: குற்றச்சாட்டு குறிப்பாக இருக்கிறதா? இருக்கிறது. ராமர் மீது இந்தப் படத்தில் குற்றச்சாட்டே கிடையாது. ராமரைக் கும்பிடுகிறவர் மீதும் கிடையாது. 1949 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு மசூதிக்குள் சிலைகள் எப்படி வந்தன, அதில் யார் இருந்தார்கள், 1990-இல் வாக்குக்காக யார் என்ன பேசினார்கள் என்பதே படம் எடுத்துக்கொண்ட வழக்கு. 1949 காரியத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒரு மஹந்தே காமிராவின் முன் சொல்கிறார். தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது.

அண்ணாச்சி இங்கே குறுக்கிட்டார். "கோர்ட்டே கோயிலுக்குத்தான தீர்ப்புச் சொல்லிட்டு? அப்புறம் என்ன படம்?" என்றார். நியாயமான கேள்வி. 2019 நவம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம் அந்த இடத்தைக் கோயிலுக்குக் கொடுத்தது. 2024 ஜனவரி 22-இல் கோயில் பிரதிஷ்டையும் நடந்தது. ஆனால் அதே தீர்ப்பு, 1949-இல் சிலை வைத்ததும் 1992-இல் இடித்ததும் சட்டவிரோதம் என்றும் சொல்லி, மசூதி கட்ட வேறு இடத்தில் 5 ஏக்கர் கொடுக்கச் சொன்னது. கோயில் யாருக்கு என்பது ஒரு கணக்கு. அதற்காக யார் என்ன செய்தார்கள் என்பது வேறு கணக்கு. படம் இரண்டாவது கணக்கைத்தான் கேட்கிறது. அண்ணாச்சி தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை.

இரண்டாம் விதி: விளக்கம் கேட்டார்களா? இங்கே நான் அண்ணாச்சியிடம் தோற்றுப்போனேன். படத்தில் ஓர் இளைஞர் வருகிறார். சட்டம் படிக்கும் மாணவர். ராமர் எப்போது பிறந்தார் என்று அவரிடம் கேட்கிறார்கள். பிள்ளை திணறுகிறது. நான் முன்பு பார்த்தபோதெல்லாம் அந்த இடத்தில் சிரித்திருக்கிறேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தச் சின்னப் பயல்ட்ட கேட்டா அவன் என்னத்தச் சொல்லுவான்? படிச்ச பெரியவங்க ஒருத்தருமா அங்க இல்ல? எங்கிட்ட வந்து முருகன் எந்த வருசம் பொறந்தார்னு கேட்டா நானுந்தான் முழிப்பேன். அதனால முருகன் இல்லன்னு ஆயிருமா?"

தோழர்களே, இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. இடம் இதுதான், இம்மியும் மாறாது என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் காலத்தையும் கேட்பது தவறல்ல. ஆனால் அந்தக் கேள்வியைத் தலைவர்களிடம் கேட்பது வேறு. கூட்டத்தோடு வந்த பிள்ளையிடம் கேட்பது வேறு. வாயில்லாப் பூச்சியை நடுவில் நிறுத்தாதே என்று விசாரணையில் வாதாடுகிற நானே அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். படத்தின் குறை அது. அதைவிடப் பெரிய குறை என்னுடையது.

ஆனால் சிறிது நேரத்தில் இன்னொருவர் வந்தார். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பூசாரி லால்தாஸ். ராமஜன்மபூமிக் கோயிலுக்கு நீதிமன்றம் நியமித்த அர்ச்சகர். ராமருக்குத் தினமும் பூசை செய்த கை அவருடையது. அவர்தான் காமிராவைப் பார்த்துச் சொல்கிறார்: இது பக்தி அல்ல, பதவிக்கும் பணத்துக்கும் நடக்கிற ஆட்டம் என்று. கூச்சல் இல்லை, வசவு இல்லை, சாந்தமாகப் பேசுகிறார்.

"இவரு அந்தக் கோயில் பூசாரியேவா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமாம் அண்ணாச்சி. 1992-இல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். 1993 நவம்பரில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்."

அண்ணாச்சி பேரனிடம் படத்தை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி போடச் சொன்னார்.

இந்தப் படத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். பக்தர்களைக் கண்டிக்க ஒரு நாத்திகரைத் தேடிப் போகவில்லை. பக்தியின் பெயரால் நடந்ததைக் கண்டிக்க ஒரு பக்தரையே பேச விட்டார்கள். கும்பிடுகிறவன் அந்தப் படத்தைப் பார்த்தால், "இதோ, என்னைப்போல் ஒருவர்" என்று சொல்ல ஓர் ஆள் அதில் இருக்கிறார். எந்த மதத்தைக் கண்டித்து எடுத்த படமானாலும், அந்த மதத்துக்காரன் தன் முகத்தை அதில் அடையாளம் கண்டுகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது கண்டனம். முடியாவிட்டால் அது கேலிச்சித்திரம்.

மூன்றாம் விதி: விதி எல்லோருக்கும் ஒன்றா? "எங்க சாமிய மட்டுந்தானா" என்ற கேள்விக்கு நேரான பதில் இதில் இருக்கிறது. பட்வர்தன் இதற்கு முன்னால், 1990-இல், பஞ்சாபைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பகத்சிங்கின் பெயரைச் சொல்லி ஊர் ஊராகப் போய் இந்து–சீக்கிய ஒற்றுமைக்குப் பேசியவர்களின் படம். காலிஸ்தான் கேட்டுத் துப்பாக்கி தூக்கியவர்களையும் அது கண்டித்தது. 1984-இல் சீக்கியர்கள் கொல்லப்பட்டதையும் கேட்டது. அதற்கும் முன்னால், 1985-இல், 'ஹமாரா ஷஹர்' என்று நம் பம்பாய்க் குடிசைகள் இடிக்கப்பட்டதைப் படமாக்கினார். அதில் குடிசை இழந்த ஒரு பெண், எங்களைப் படம் எடுத்து நீ பேர் வாங்கிக்கொள்வாய், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற பொருளில் படம் எடுக்கிறவரையே மடக்குகிறார். அதை அவர் வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். தன்மீது வந்த குற்றச்சாட்டைத் தன் படத்திலேயே பதிவு செய்கிறவரிடம் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம் அல்லவா?

மற்ற மதங்களைப் பற்றி எடுத்த படங்கள்

நம் சங்கத்தில் இந்துக்கள் மட்டும் இல்லை. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். நெல்லைச் சீமை முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அளவுகோல் ஒன்றே என்றால் அவர்கள் மதத்தைக் கண்டித்த படங்களையும் இதே கோலால் அளக்க வேண்டும்.

2006-இல் ஏமி பெர்க் என்ற அமெரிக்கப் பெண்மணி 'டெலிவர் அஸ் ஃப்ரம் ஈவில்' என்ற படத்தை எடுத்தார். கலிபோர்னியாவில் சிறு பிள்ளைகளைக் கெடுத்த ஆலிவர் ஓ'கிரேடி என்ற பாதிரியாரின் கதை. புகார் வந்த போதெல்லாம் மேலதிகாரிகள் அவரைத் தண்டிக்கவில்லை. ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாற்றல் போட்டார்கள். மாற்றல் போட்டு விஷயத்தை அமுக்குவது எப்படி என்று சர்க்கார் ஊழியனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? அந்தப் படத்தில் குற்றவாளியான பாதிரியாரே நேரில் பேசுகிறார். பாதிக்கப்பட்ட குடும்பத்தாரும் பேசுகிறார்கள். பாதிரியாரை வீட்டில் விருந்தாளியாகத் தங்கவைத்த பக்திமான்கள் அவர்கள். இயேசு மீது குற்றச்சாட்டு இல்லை. இன்ன ஆள், இன்ன அதிகாரி, இன்ன ஊர் என்று குறிப்பாக இருக்கிறது. மூன்று விதியும் தேறுகிறது. கத்தோலிக்கத் தோழர்கள் இதைப் பார்த்து வேதனைப்படலாம். அநியாயம் என்று சொல்ல முடியாது.

இனி ஒரு தேறாத படம். 2008 மார்ச்சில் நெதர்லாந்து நாட்டு எம்.பி. கேர்ட் வில்டர்ஸ் 'ஃபித்னா' என்ற குறும்படத்தை வெளியிட்டார். குர்ஆன் வசனம் ஒன்று, அதன் பக்கத்தில் குண்டுவெடிப்புக் காட்சி ஒன்று. மறுபடி வசனம், மறுபடி ரத்தம். இப்படியே போகிறது. குண்டு வைத்தவர்கள் கொடியவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டது அந்த ஆட்களா? இல்லை, உலகத்து முஸ்லிம்கள் அத்தனை பேரும். விளக்கம் கேட்டார்களா? "என் வேதத்துக்கு இது பொருள் அல்ல" என்று சொல்ல ஒரு முஸ்லிமுக்குக்கூட அதில் இடம் கிடையாது. அவசரம் எந்த அளவுக்கு என்றால், ஒரு கொலையாளி என்று காட்டிய படம் வேறொரு பாடகருடையதாகப் போயிற்று! இதுவும் அந்தப் பழைய பெயர்ப் பட்டியல்தான். கிழிசல் துணிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, கடை முழுவதும் கிழிசல் என்று சொல்வது.

இந்த இரண்டு படங்களையும் "மதத்தைத் திட்டுகிற படங்கள்" என்று ஒரே கட்டாகக் கட்டி மூலையில் போடலாமா? கூடாது. அதேபோல, நமக்குப் பிடிக்காத மதத்தைத் திட்டினால் கைதட்டி, நம் மதத்தைத் தொட்டால் கல்லெடுப்பதும் கூடாது.

தடை போட்டால் தீருமா?

மனம் புண்படுகிறது என்று சொன்னவுடன் படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும் என்பார் சிலர். 'ராம் கே நாம்' படத்துக்குத் தணிக்கைக் குழு 'யு' சான்றிதழ் கொடுத்தது. குழந்தைகளும் பார்க்கலாம் என்று அர்த்தம். ஆனாலும் தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே 1997-இல் ஒளிபரப்பானது. அவருடைய இன்னொரு படத்துக்கும் அதே கதி. 2006-இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. ஒரு காட்சியைப் பிய்த்துப் பார்க்காதே, படத்தை முழுமையாகப் பார்த்து மதிப்பிடு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கலவரம் செய்வோம் என்ற மிரட்டலுக்குப் பயந்து கருத்துரிமையைக் காவு கொடுக்கக்கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதும், 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில்தான். இவ்வளவுக்குப் பிறகும், 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் 'ராம் கே நாம்' திரையிட்டபோது படம் பாதியில் நிறுத்தப்பட்டது, நடத்தியவர்கள் கைதானார்கள்.

சார்ஜ் ஷீட் தப்பு என்றால் விளக்கம் எழுத வேண்டும். காகிதத்தைக் கிழித்துப் போட்டால் வழக்கு தீர்ந்துவிடுமா? அந்தச் சட்ட மாணவர் காட்சி தப்பு என்று அண்ணாச்சி சொன்னாரே, அது விளக்கம். அதைப் பத்துப் பேர் முன்னால் சொல்ல ஒரு மேடை வேண்டும். படத்தையே தடுத்துவிட்டால் அண்ணாச்சியின் பதிலுக்கும் மேடை இல்லாமல் போய்விடும்!

அந்த இரண்டு இரவுகள்

சிரித்த பிள்ளைகளுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். 1993 ஜனவரியில் எனக்கு வயது பன்னிரண்டு. நகரம் எரிந்துகொண்டிருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் இறந்தவர்கள் 900 பேர், அதில் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275 என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் பின்னால் கணக்குச் சொன்னது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு பாய் குடும்பம் இருந்தது. நெல்லைச் சீமைக்காரர்கள், தோல் தொழில். நாங்கள் பேசுவதும் அவர்கள் பேசுவதும் ஒரே தமிழ். இரண்டு இரவுகள் அந்தக் குடும்பம் ஒரு வீட்டின் பரண்மேல் ஒளிந்திருந்தது. அந்த வீட்டு வாசலுக்கு நேரே ராமர் படம் மாட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று கும்பலிடம் சொல்லி வாசலில் நின்றவர், விளக்கேற்றிவிட்டு அடுப்பு மூட்டுகிற நம் அண்ணாச்சிதான். மூன்றாம் நாள் காலை அவர்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்.

ராமரைக் கும்பிட்டுக்கொண்டே பாய் குடும்பத்தைக் காத்த மனிதரைப் பார்த்து, மதவெறியை எதிர்க்கும் படத்தைப் போட வந்த நாம் சிரித்திருக்கிறோம். படம் எடுத்தவர்கூட லால்தாஸைத் தேடிக் கண்டுபிடித்தார். நமக்கு நம் சந்திலிருக்கிற லால்தாஸைத் தெரியவில்லை. இதைவிட ஓரவஞ்சனை வேறென்ன இருக்கிறது?

அண்ணாச்சி முழுப் படத்தையும் பார்த்து முடித்தார். எழுந்து வரும்போது நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "படத்தப் போடுங்க. அந்தப் பையன் விசயம் எனக்கு ஒப்பாது. அதச் சொல்ல என்னய விடணும். பாதியில எவனும் சிரிக்கப்படாது. சிரிச்சா எந்திச்சுப் போயிருவேன்."

நிர்வாகக் குழு இந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு மன்றத்தில் படம். முடிந்ததும் முதலில் பேசப்போகிறவர் அண்ணாச்சி. அவருக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. அதற்குப் பிறகுதான் நான். அடுத்த இரண்டு மாதங்களில் மற்ற இரண்டு படங்களும் வரும். பாதிரியார் படத்தன்று ஒரு கத்தோலிக்கத் தோழரும், 'ஃபித்னா' அன்று ஒரு முஸ்லிம் தோழரும் முதலில் பேசுவார்கள். நியாயமான படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அநியாயமான படத்தை இனம் கண்டுகொள்ளவும் கண் பழக வேண்டும்.

தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். சாமி கும்பிடுகிறவர்கள் வாருங்கள், கும்பிடாதவர்களும் வாருங்கள். அண்ணாச்சியின் சந்தாவை நான் இன்னும் வாங்கவில்லை. அவர் பேசி முடித்த பிறகு, மன்றத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன்.